இரண்டாம் மாடி வரை

கான்ஸ்டன்டைன், அல்ஜீரியா,
நவம்பர் 14

அன்பு மகள் வசீலாவுக்கு,

உனக்கும் மருமகன் நஜீபுக்கும் அல்லாஹ் உடல்நலமும் மனநிம்மதியும் தரட்டும். கைப்பேசி இருக்கும்போது வாப்பா ஏன் தாளும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி உன் உம்மாவின் மடியைவிட்டு இறங்குவதில்லை. அதில் நான் எழுதினால் படித்துவிடுவாள், பேசினால் கேட்டுவிடுவாள். பக்கத்து வீட்டு ஹூரியா தன் தங்கையைப் பார்க்க நீ இருக்கும் மொன்றியலுக்கு வருகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஆலிவ் காயை இந்த வருடம் நானே கீறி உப்பில் போட்டேன். உன் உம்மா ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "கடலையே தூக்கிட்டு வந்து ஜாடியில ஊத்திட்டியா, மனுஷா?" என்றாள். நன்றாகச் சிரித்தேன். ஆனால் மகளே, அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்க அவள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

உன் கல்யாணத்தன்று நஜீப் வீட்டு விருந்துக்கு உம்மா வரவில்லை என்பதை நீ இன்னும் மறக்கவில்லை, எனக்குத் தெரியும். உன் மாமியார் வாசலில் நின்று, "பொண்ணைப் பெத்தவளுக்கு எங்க படி ஏற மனசு வரல போல" என்று நாலு பேர் கேட்கச் சொன்னதும் என் காதில் விழுந்தது. உம்மாவுக்குத் தலைவலி என்று நான் சொன்னேன். அது பொய்.

அவள் வந்தாள், வசீலா. பச்சைப் பட்டு உடுத்தி, உனக்கென்று செய்த பாதாம் பலகாரத்தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் மாடி வரை ஏறினாள். அதற்குமேல் கால் எழவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு கறுத்துவிட்டது. மேலே நீங்கள் எல்லோரும் குலவையிடும் சத்தம் கேட்டது. யாரையாவது கூப்பிடலாம் என்று எழுந்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாயைத் திறந்தே பாரு... நெஞ்சு நோவுக்காரி மகள்னு... அவளைத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றாள்.

அப்போது அவள் நான்கு மாதமாகக் காசநோய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சளியில் ஒரு தடவைகூடக் கிருமி தெரியவில்லை. எக்ஸ்ரே படத்தில் நெஞ்சு வெளுத்திருக்கிறது, அதனால் அதுவாகத்தான் இருக்கும் என்றார்கள். பெண்களுக்கான பொதுக் குளியலகத்தில் இருபத்திரண்டு வருடம் பார்த்த வேலையை விட்டதும் அதனால்தான். முழங்கால் வலி என்று ஊருக்குச் சொன்னோம். அன்று அவளைக் கீழே இறக்கி டாக்சியில் ஏற்றிவிட்டு நான் மட்டும் மாடிக்கு வந்தேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சிரிக்கவும் செய்தேன்.

அதன்பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா நுரையீரலுக்குள் குழாய் விட்டு, துளி சதை எடுத்துப் பார்த்து, இது காசநோயே இல்லை என்றார். சார்க்காய்டோசிஸ் என்று பெயர் சொன்னார். "பேரே வாயில நுழையல, நெஞ்சுல எப்படி நுழைஞ்சுது?" என்றாள் உன் உம்மா. நுரையீரலுக்குள் பொடிப்பொடியாகக் கட்டிகள் வருமாம். சிலருக்குத் தானே கரைந்துவிடும், சிலருக்குத் தழும்பாகிக் காய்ந்து போகும். யாரிடமிருந்தும் தொற்றாது, யாருக்கும் தொற்றாது. ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாதாம். பிழைப்பேனா என்று அவள் கேட்கவில்லை. "அப்போ பேரப்பிள்ளை பிறந்தா நான் தூக்கலாம்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றே உனக்குச் சொல்லியிருக்கலாம். "இப்பதான் குடித்தனம் போட்டிருக்கா, விடு" என்றாள். நானும் விட்டேன். மருந்தில் முதலில் தேறினாள். முகம் மட்டும் ஊதிப்போனது. அதனால்தான் உன்னிடம் முகம் காட்டிப் பேசாமல் குரலோடு நிறுத்திக்கொண்டாள். மருந்தைக் குறைத்ததும் நோய் திரும்பிவிட்டது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, மூக்கை இறுக்கி, குழாயில் ஊதச் சொல்வார்கள். சோதனை எடுக்கும் பெண் வெளியே நின்று, "ஊதுங்க பெரியம்மா, இன்னும், இன்னும், விட்றாதீங்க!" என்று கத்துவாள். ஒரு தடவை உம்மா குழாயை எடுத்துவிட்டு, "இவ்வளவு மூச்சு வெச்சிருக்கியே, எனக்குப் பதிலா நீயே ஊதிடேன்மா" என்றாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் வயதுக்கு நூறு இருக்க வேண்டிய இடத்தில் முதல் வருடம் எழுபத்தெட்டு இருந்தது. போன வருடம் அறுபத்தொன்று. இந்த செப்டம்பரில் நாற்பத்து நான்கு. உள்ளே போகும் காற்றிலும் பாதியைக்கூட ரத்தம் எடுத்துக்கொள்வதில்லையாம். தழும்பானது தழும்பானதுதான், மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா.

இப்போது வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் இருக்கிறது. நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும், நீ கூப்பிடும் நேரத்துக்கு அரைமணி முன்பு அவள் அதை அணைத்துவிடுவாள். சத்தம் உனக்குக் கேட்கக் கூடாதாம். அசையமாட்டாள், என்னோடு பேசமாட்டாள், மூச்சைச் சேர்த்து வைப்பாள். சேர்த்ததெல்லாம் உன்னிடம் நாலு வார்த்தைக்குத்தான் வரும். நல்லா இருக்கேன். சாப்ட்டியா. சரி. வை.

அதைத்தான் நீ கோபம் என்று எடுத்துக்கொண்டாய். போன மாதம், "என்கிட்ட பேசப் பிடிக்கலன்னா சொல்லிடு உம்மா, நான் இனிமே கூப்பிடல" என்றாய். அவள் வாயைத் திறந்தாள். குரல் வருவதற்குள் நீ வைத்துவிட்டாய்.

அதன்பிறகு மூன்று வெள்ளி போய்விட்டது. ஜும்ஆ தொழுகை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது இயந்திரம் அணைந்திருக்கிறது, அவள் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்வரை அப்படியே இருந்தாள். நகமெல்லாம் நீலம். நான் பொத்தானை அழுத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "இப்பக் கூப்பிடுவா" என்றாள்.

உன்னிடம் சொல்லப் பயந்தவன் நான், மகளே. கோபித்துக்கொள்வதானால் என்னைக் கோபித்துக்கொள். கோடையில் வருவதாக நஜீப் சொன்னான். கோடை வரை தள்ளி வைக்க வேண்டாம்.

அடுத்த வெள்ளி கூப்பிடு. அவள் எடுத்ததும் ஸலாம் சொல்வதற்கு முன்பே, "உம்மா, மெஷினைப் போடு" என்று சொல். பிறகு நீயே பேசு. என்ன சமைத்தாய், யாரோடு சண்டை போட்டாய், எதையாவது பேசிக்கொண்டே இரு. பதில் வரவில்லையே என்று நிறுத்திவிடாதே, அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட மூச்சைத் தரட்டும்.

உன் வாப்பா,
அப்துல் ஹபீஸ்