புறஜாதி என்று கேட்டு எழுந்து போன உனக்கு

தம்பி,

நேற்று வெள்ளிக்கிழமை ஜெபத்தில் எல்லோர் கையிலும் புதிய மொழிபெயர்ப்பு வேதத்தைக் கொடுத்தார்கள். புதுத்தாளின் பசை வாடையோடு பக்கம் புரட்டி, பேதுருவின் கதையைத் தேடிப் பிடித்தேன். 'புறஜாதியார்' என்ற சொல்லைக் காணோம். 'பிற இனத்தார்' என்று சுத்தமாக அச்சடித்திருக்கிறது. இது ஏழு வருஷம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா?

அப்போதும் குவைத்தின் அப்பாசியாவில், சபை மூப்பரின் ஃபிளாட் ஹாலில்தான் கூடுவோம். நான் சைட்டில் ஸ்டோர்கீப்பர், நீ கம்பி கட்டுகிறவன். பாட்டுக் கேட்கத்தான் என்னோடு வந்தாய். மூன்றாவது வாரம் வாசிப்பு என் முறை. யூதரல்லாத ஒரு படைத்தலைவன் பேதுருவை வீட்டுக்கு அழைக்கிறான். அந்நியர் வீட்டில் கால் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர் பேதுரு, தயங்கித்தான் போகிறார். நான் 'புறஜாதியார்' என்று அழுத்திப் படித்ததும் நீ பாயிலிருந்து எழுந்து, செருப்புகள் கிடந்த வாசல் பக்கம் போய் உட்கார்ந்தாய். ஜெபம் முடியும்வரை உள்ளே வரவில்லை.

"எதுக்குடே அங்க போய் இருந்த?"

"நீங்கதானண்ணே படிச்சீங்க, பொறசாதின்னு. சாதிப்பேச்சு எடுத்தா நாங்க எங்க நிக்கணும்னு எங்களுக்குத் தெரியாதா?"

"கோட்டிக்காரா, அது யூதரல்லாத எல்லாருக்கும் உள்ள பேரு. நானும் புறஜாதிதான். மூப்பரும் புறஜாதிதான்."

நீ ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாய். "அப்ப உள்ள உக்காந்திருக்கிறது யாருண்ணே?"

முப்பது வருஷம் யாருடைய துணையும் இல்லாமல் வேதம் படித்தவன் நான். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

நீ ஞானஸ்நானம் கேட்டபோது மூப்பர் ஒரே நிபந்தனை வைத்தார். குலசாமியின் பெயரை விட்டுவிட்டு வேதப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாய். "பத்தாக்காவுல ஒரு பேரு, பரலோகத்துல ஒரு பேரா? விசா குடுத்த கஃபீல் கொழம்பிருவாண்ணே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விருத்தசேதனம் என்ற யூதச் சடங்கைச் செய்தால்தான் உள்ளே என்று ஆதிச் சபையிலும் சிலர் நின்றார்கள். எருசலேமில் பெரிய வாக்குவாதம் நடந்து, அந்தச் சுமையை வைப்பதில்லை என்று முடிவானது. அது இல்லாவிட்டால் நம்மில் ஒருவருக்கும் இந்த ஹாலில் இடமில்லை என்றேன்.

"விக்கிரகத்துக்குப் படைச்சத விலக்கணும்னும் அங்கதான முடிவாச்சு?" என்றார் மூப்பர்.

"பேரு என்ன சோறாவே, விலக்க? ரோமாபுரிச் சபையில எர்மேன்னு ஒருத்தர் இருந்தாரே, அது கிரேக்கச் சாமி பேரு. யாரு மாத்தச் சொன்னா?"

"ஸ்டோர்ல ஆணி எண்ணுத ஆளு நமக்கு வேதம் சொல்லித் தாராரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வெளியே வந்ததும் நீ சொன்னாய். "விடுங்கண்ணே. பேருதானே, மாத்திக்கிறேன்."

மாற்றக் கூடாது என்று உன் கையைப் பிடித்துச் சொன்னவன் நான்தான். மூப்பரை இறங்கி வரவைக்கிறேன், பொறு என்றேன். நீயும் பொறுத்தாய். அந்தக் கோடையில் சைட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய், எழவே இல்லை. போன் கார்டு சுரண்டி உன் வீட்டுக்குத் தகவல் சொன்னதும் நான்தான்.

நீ ஞானஸ்நானம் இல்லாமல் போனதற்கு மூப்பர் பாதி, நான் பாதி. மாற்றாதே என்று சொன்னது தவறு என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதனால் அது லேசாகிவிடவும் இல்லை.

வருஷக் கடைசியில், இறந்தவர்களின் பெயர்களை நித்திரையடைந்தோர் பட்டியல் என்று ஜெபத்தில் வாசிப்பார்கள். ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினர் பெயர்கள் மட்டும்தான். வாசித்து முடித்ததும் நான் எழுந்து நின்று உன் பெயரைச் சொல்கிறேன், உன் வீட்டார் வைத்த பெயரை. இதுவரை ஒருவரும் ஆமென் சொன்னதில்லை. மூப்பர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டுவார். இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொல்வேன்.