நிரப்பாத கட்டங்கள்

மார்ச் 3

அக்காவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு சந்தேகம் தீர வேண்டும்.

எஞ்சினியரிங் முடித்து இரண்டு வருடம் அலைந்துவிட்டு, ஆன்லைனில் டேட்டா கோர்ஸ் படித்தேனே, அதன் கடைசி புராஜெக்டை வைத்துத்தான் நேர்காணலே நடந்தது. மருத்துவமனையில் நோயாளிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்ற ஆய்வு. மேலாளர் அம்மா கேட்டார்: "காலிக் கட்டம் இருக்கிற வரிசையை எல்லாரும் அழிச்சிடறாங்க. நீங்க மட்டும் ஏன் தம்பி அழிக்கல?"

நான் அழித்தேன், அக்கா. நன்றாக நினைவிருக்கிறது. திரையில் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு: 'கூட்டம் அலைமோதும் நாளில்தான் நேரம் எழுத ஆளிருக்காது. இதை அழித்தால் மோசமான நாட்களே மறைந்துவிடும்.' திருதிருவென விழித்தேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள் போல. திங்கட்கிழமை சேர வேண்டும்.

லேப்டாப்பை உன்னிடம்தானே விட்டு வந்தேன்? யார் தொட்டது? சுற்றி வளைக்காமல் எழுது. போனில் கேட்டால் பாப்பா அழுகிறாள் என்று வைத்துவிடுவாய்.

தம்பி

மார்ச் 5

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒரு வார்த்தை இல்லை. நேராக விசாரணை! தொட்டது நான்தான்.

லேப்டாப்பில் உன் கோர்ஸ் கணக்கு திறந்தே கிடந்தது. நீ இரட்டை வேகத்தில் ஓட்டிய பாடங்களை, பாப்பா தூங்கும் நேரத்தில் நான் முதலிலிருந்து மெதுவாகப் பார்த்தேன். வரலாறு படித்தவளுக்கும் புரிகிறதே என்று எனக்கே ஆச்சரியம். உன் புராஜெக்டைத் திறந்தால், காலிக் கட்டங்களை வழித்தெறிந்திருந்தாய். கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் மருத்துவமனை வரவேற்பு மேசையில் அதே மாதிரிப் பதிவேட்டை எழுதியவள்டா நான். நூறு பேர் நிற்கும்போது யார் மணி பார்த்து எழுதுவது? பொறுக்கவில்லை. திருத்திவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினேன். 'சேமி' என்று நினைத்தேன். 'மீண்டும் சமர்ப்பி'யாம்.

நீ கவலைப்படாமல் போய்ச் சேர். புரியாததை எனக்கு அனுப்பு, செய்து தருகிறேன். யாருக்குத் தெரியப்போகிறது?

அன்புடன்,
அக்கா

மார்ச் 8

அக்கா,

மூன்று நாளாக மண்டை காய்கிறது. கோபம் உன் மேலா, என் மேலா, தெரியவில்லை. எல்லாப் பாடமும் பார்த்தேன். எல்லாத் தேர்விலும் நூற்றுக்கு நூறு. அப்புறம் எனக்கு என்னதான் தெரியும்? அதுவும் தெரியவில்லை. நீ செய்து தர, நான் சம்பளம் வாங்குவது மட்டும் நடக்காது.

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப இந்த வேலை உங்களுக்கு இல்ல, தம்பி" என்றார். பிறகு, "அக்கா இப்ப என்ன பண்றாங்க?"

"வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்று வாயில் வந்துவிட்டது.

"சும்மா இருக்கறவங்க செஞ்சதா இது?" என்றார். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். வீட்டிலிருந்தே செய்யலாமாம். கோர்ஸ் சான்றிதழில் என் பெயரை உன் பெயராக மாற்ற வழி தேடினேன், அந்தத் தளத்தில் இல்லை. வேலை போனதில் வருத்தமா என்று கேட்காதே, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள். பாப்பாவை அத்தானிடம் கொடுத்துவிட்டு எடு. "தம்பியைக் கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லித் தொலைக்காதே.

தம்பி