நாலாவது ஆட்டோ நின்ற இடம்

காரைக்குடி
பங்குனி 5

அன்புள்ள ரோகிணி அப்பாவுக்கு,

நாகவல்லி எழுதுகிறேன். நானும் ரோகிணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் இடுப்பு வலி எப்படி என்று அங்கிருந்து வந்திருக்கிற பள்ளத்தூர் ஐயனார் அண்ணனிடம் கேட்டேன். நீங்கள் போனில் சொல்வதைவிட அவர் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார். தைலம் இரண்டு பாட்டில் கொடுத்துவிட்டிருக்கிறேன். அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் தானம் பண்ணாமல் நீங்களும் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைக்கிறீர்கள். அறையில் ஆறு பேர். நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் மூன்று கேள்வி கேட்டுவிடுவீர்கள். இதை யாரும் குறுக்கே பேசாமல் முழுசாகச் சொல்ல வேண்டும். ஐயனார் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, சித்திரையோடு ஒப்பந்தம் முடிகிறது, முதலாளி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார் என்று சொன்னீர்கள். "ஸ்டாண்டுல நம்ம எடம் இருக்குல்ல, வந்து ஆட்டோவே ஓட்டிக்கிறேன்" என்றீர்கள். நான் "ம்" என்றேன். அந்த "ம்" பொய். உங்கள் இடம் இல்லை. கண்மாய் ரோட்டில் இப்போது ஆட்டோ ஸ்டாண்டே இல்லை. அது போனதில் எனக்கும் பங்கு உண்டு.

ஆவணி மாதம் நகராட்சியிலிருந்து எங்கள் மகளிர் குழுவில் ஆறு பேரைக் கூப்பிட்டார்கள். கண்மாய் ரோட்டைக் குறுக்கி இரண்டு பக்கமும் நல்ல அகலமாக நடைபாதை போடலாமா என்று பார்க்கிறார்களாம். அதற்கு எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை வண்டி போகிறது என்று மூன்று நாள் எண்ண வேண்டும். தைக்க வந்த ஜாக்கெட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற வேலை என்று நினைத்துத்தான் போனேன்.

மருந்துக்கடை வாசலில், ஆட்டோ ஸ்டாண்டுக்கு நேர் எதிரே எனக்கு இடம். மதுரையிலிருந்து வந்த துர்காதேவி என்ற இன்ஜினியர் பெண் சொல்லிக் கொடுத்தாள். ஒரு ஆளுக்கு ஒரு கோடு, ஐந்தாவது ஆளுக்குக் குறுக்குக் கோடு. ஓரத்தில் நடக்க இடமில்லாமல் ரோட்டில் இறங்கி நடப்பவர்களுக்குத் தனிக் கட்டம். "தெரிஞ்சவுங்க வந்தாலும் ஒரு கோடுதான்க்கா, தெரியாதவுங்க வந்தாலும் ஒரு கோடுதான்" என்று இரண்டு தடவை சொன்னாள்.

முதல் நாள் நடந்து போனவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். கார் நூற்று அறுபத்து மூன்று. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று பயந்து அடுத்த நாற்காலியில் இருந்த தேவிகாவிடம் கேட்டேன். அவள் தாளிலும் ஏறக்குறைய அதுதான். முக்கால்வாசிப் பேர் ரோட்டில் இறங்கித்தான் நடந்தார்கள். ஓரத்தில் பதினோரு ஆட்டோ, அதைத் தாண்டினால் கடைக்கு வந்தவர்களின் பைக். வேறு எங்கே நடப்பது?

சாயங்காலம் உங்கள் சிநேகிதர் கோட்டைச்சாமி அண்ணன் கையில் டீயோடு வந்தார். ஸ்டாண்டுக்குத் தலைவர் அவர்தானே, கவலை இருக்காதா. "ஏம்மா, பாத்துப் போடு. ஆளு கம்மின்னு போட்டா நம்ம ஸ்டாண்டு தப்பிச்சிரும். முத்தரசு வந்தா நாலாவது எடம் அவனுக்குத்தான், நான் வச்சிருக்கேன்ல" என்றார். நான் டீயைக் குடித்தேன். மறுநாள் கொஞ்சம் குறைத்துப் போடலாம் என்ற எண்ணத்தோடுதான் போய் உட்கார்ந்தேன். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

அன்றைக்கு நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு ரோகிணி வந்தாள். நாலாவது ஆட்டோவைச் சுற்றி ரோட்டில் இறங்கினாள். பின்னால் வந்த மினி பஸ்ஸின் படிக்கட்டுக் கம்பி அவள் பையின் வாரில் மாட்டி இரண்டு எட்டு இழுத்துவிட்டது. வார் அறுந்தது, அதனால் பிழைத்தாள். உங்கள் இடத்தில் அப்போது ஓட்டிக்கொண்டிருந்த வேல்பாண்டிதான் ஓடிவந்து தூக்கினான். முழங்காலில் சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. உங்களிடம் பை கிழிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். நல்ல கம்பெனிப் பையாகப் பார்த்து வாங்கச் சொன்னீர்கள்.

திரும்ப வந்து உட்கார்ந்தபோது பத்து நிமிடம் எண்ணாமல் போயிருந்தது. துர்காதேவியிடம் சொன்னேன். அப்படியே தாளில் குறித்துக்கொண்டாள். ரோகிணிக்குக் கோடு போட்டேனா இல்லையா என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை.

அவள் என் பக்கத்தில் சோடா குடித்துக்கொண்டே, "இது அப்பா வண்டி நிக்கிற எடந்தானம்மா. இங்கன எப்பவுமே எறங்கித்தான் போகணும்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். நானும் அந்த ரோட்டில் பதினோரு வருஷமாக நடக்கிறேன். நீங்கள் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பீர்கள். நான் காய்கறிப் பையோடு இறங்கி, உங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போவேன். நீங்கள் பார்த்துச் சிரிப்பீர்கள், நானும் சிரிப்பேன். அதில் ஒரு தப்பு இருப்பதாக இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இப்போது அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு கோடு குறைக்கவில்லை, ஒரு கோடு கூட்டவும் இல்லை. வார்டுக் கூட்டத்தில் கணக்கு சரிதானா என்று கேட்டார்கள். எழுந்து நின்று சரிதான் என்றேன். "பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே தாயி" என்று எல்லார் முன்னாலும் கோட்டைச்சாமி அண்ணன் சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதானே.

தை மாதம் நடைபாதை வேலை முடிந்தது. முதல் வாரமே டீக்கடைக்காரர் நடைபாதையில் பெஞ்சைப் போட்டார். பைக்குகளும் ஏறி நின்றன. பிறகு இரும்புத் தூண் நட்டார்கள். மருந்துக்கடைப் படியை இடித்துவிட்டதால் கடைக்காரர் பலகை போட்டு வைத்திருக்கிறார். பஸ் மெதுவாகப் போகிறது. கார்க்காரர்கள் திட்டிக்கொண்டே போகிறார்கள்.

ஸ்டாண்டைச் சந்தைக்குப் பின்னால் மாற்றிவிட்டார்கள். பதினோரு ஆட்டோவுக்கு ஆறு இடம்தான். சவாரியும் குறைவு. வேல்பாண்டிக்கு இடம் கிடைக்கவில்லை, கண்டனூருக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறான். கோட்டைச்சாமி அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அவர் சம்சாரம் சோணையம்மாள் மட்டும் அவர் இல்லாத நேரம் பார்த்து ஜாக்கெட் தைக்கக் கொண்டுவருகிறார். உங்கள் பேர் ஏழாவதாக இருக்கிறதாம், ஆறில் ஒன்று காலியானால்தான் இடமாம்.

இதைச் சொன்னால் நீங்கள் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவீர்களோ என்றுதான் இத்தனை மாதம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இல்லாத இடத்தைக் காட்டி உங்களை வரவழைக்க எனக்கு மனசு வரவில்லை. கோவிலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் டிரைவர் தேடுகிறார்கள் என்று தேவிகா சொன்னாள். நான் பேசி வைக்கவில்லை. உங்களைக் கேட்காமல் இனி எதற்கும் "ம்" சொல்வதாக இல்லை.

என் மேல் கோபம் இருந்தால் வந்து கோபப்படுங்கள். போனில் கோபப்பட்டால் நீங்கள் வைத்துவிட்ட பிறகு நான் யாரிடம் பேசுவது?

நீங்கள் வருகிற அன்று நானும் ரோகிணியும் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறோம். பெட்டியை வேல்பாண்டி வண்டியில் ஏற்றிவிடலாம். நாம் மூன்று பேரும் கண்மாய் ரோடு வழியாக வீட்டுக்கு நடந்து போகலாம். ஒருவர் பின்னால் ஒருவராக இல்லை, சேர்ந்தே நடக்கலாம். நேற்றுத் தையல் டேப்பைக் கொண்டுபோய் அளந்து பார்த்தேன். ஊரே என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. நாலாவது ஆட்டோ நின்ற இடத்தில் நடைபாதை எழுபத்தைந்து இஞ்ச். ரோகிணி தோள் பதினாலு, என் தோள் பதினைந்து. உங்களுடையது பதினெட்டரை என்று நோட்டில் இருக்கிறது. ஆனால் அது நீங்கள் போவதற்கு முன்னால் எடுத்த அளவு. வாருங்கள், புதிதாக அளந்து எழுதிக்கொள்கிறேன்.

அம்மன் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
நாகவல்லி