மீன் அச்சாறு வெப்சைட்டை அழிக்காதீர்கள்

ஃபிதா வாப்பா,

ஃபிதாவின் ஸ்கூல் மீட்டிங்குக்காகக் கலூர் போகிறேன். நீங்கள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு பஜாருக்குப் போய்விட்டதால் இந்தச் சீட்டு. சோறு ஹாட்பாக்ஸில், மத்திக் கறி சட்டியில். சாயா மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வந்ததும் வெப்சைட்டை அழித்துவிடாதீர்கள். நேற்று நான்தான் அழிக்கச் சொன்னேன். கோபம் வராதா? மூன்று நாள் லேப்டாப்போடு குடித்தனம் நடத்தி, ஏதோ கிளவுட் கம்பெனியில் இலவசமாக இடம் பிடித்து, என் மீன் அச்சாறுக்கு வெப்சைட் போட்டீர்கள். திறந்தால் முதல் வரியே "உரிமையாளர்: அக்மல்". உங்களுக்கு மீன் நறுக்கக்கூடத் தெரியாது! அதோடு மூடிவிட்டேன்.

காலையில் தேவராவிலிருந்து ஒரு டீச்சர் கூப்பிட்டார். வெப்சைட்டைப் பார்த்தாராம். பதினொரு மணிக்கு வருவார். ஃபிரிட்ஜ் மேல்தட்டில் இருக்கும் ஆறு ஊறுகாய் பாட்டிலைக் கொடுங்கள். சர்வர், டொமைன் என்று அவரை நிற்கவைத்துப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஜொஹரா

பி.கு: வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு செல்வலட்சுமியிடம் கொடுங்கள்.

இன்னொன்று. அந்த டீச்சர், "கீழே உங்க ஹஸ்பெண்ட் எழுதினது வாசிச்சுதான் விளிச்சேன், சேச்சி" என்று சிரித்தார். அதன்பிறகுதான் கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். "பன்னிரண்டு வருஷமாக இவள் கைச் சமையல். இவள் ஊருக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது."

என் முகத்தைப் பார்த்து ஒருநாள் சொன்னதுண்டா? ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். உரிமையாளர் பெயரை மாற்றுங்கள். கீழே இருக்கும் அந்த வரிகளில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாதீர்கள்.