வேப்பமர வாங்கும் ஒரு சோபாவும்

நிந்தவூர்
11.03.1984

அன்பு மகன் ஜவுபருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் மூவரும் சுகம், உன்னையும் அவன் சுகமாக வைத்திருக்க ஐந்து நேரமும் கையேந்துகிறோம். நாவிதன்வெளி வயல் வெட்டி முடிந்தது. உம்மாவின் முழங்கால் வலி குறைவு, வாய் மட்டும் குறையவில்லை. உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இன்னும் ஒரு வருடம் றியாத்தில் வேலை செய்யக் கொந்தராத்தில் கையெழுத்து வைத்தால் முன்பணம் தருவார்கள், அதில் கல்முனையில் சோபா செட் வாங்கிப் போட்டு, நான் இல்லாமலே தங்கச்சி நதீராவின் கலியாணத்தை நடத்துங்கள் என்று எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டு உம்மா அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. இங்கிலிஷ் படிப்பித்தவனுக்கு வேறென்ன தெரியும், பழைய அகராதியை எடுத்து அந்தச் சோபாவைத்தான் தேடினேன். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அதன் படத்தைக் காட்டியபோது, இது கட்டிலா கதிரையா என்று, வகுப்பில் மற்றப் பிள்ளைகளைப் போல என்னைச் சேர் என்று கூப்பிட்டு நீ கேட்டாய், நீங்கள் வரிசையாக இருக்கிற மரவாங்கு மாதிரி, இது பணக்காரர் வீட்டு வாங்கு என்று சொல்லித் தப்பினேன். வெள்ளைக்காரனின் சொல் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அது அரபிலிருந்து துருக்கி வழியாகப் போன சொல்லாம், ஸுஃப்பா. மெத்தை விரித்த மேடைக்கு அப்படிப் பெயர். ஸைனுலாப்தீன் மௌலவியிடம் கேட்டேன். மதீனாப் பள்ளிவாசலில் நபிகளாரின் தோழர்கள், வீடுவாசல் இல்லாத ஸஹாபாக்கள் படுத்துக் கிடந்த நிழலிடத்துக்கும் அதே பெயர்தான் என்றார். அதைக் கேட்டதும் எட்டுப் பேரோடு ஒரே அறையில் கிடக்கும் உன் நினைவு வந்துவிட்டது மகன். மௌலவிக்கு முன்னால் அழுதுவிட்டேன்.

இனி மறைக்க மாட்டேன். மாப்பிள்ளை வீட்டார் சோபா கேட்கவே இல்லை. சூறாவளியில் விழுந்த நம் வேம்பை அறுத்துக் கந்தப்போடி செய்து தந்த வாங்கு, நீ றியாத் போகும்வரை படுத்த வாங்கு, அதில்தான் பேச்சுக்கு வந்தவர்கள் இருந்தார்கள். உயரம் குறைந்த அதன் கட்டைக் காலுக்கு நீ முட்டுக்கொடுத்து வைத்த சிரட்டை நழுவி, மாப்பிள்ளை அபுல் ஹஸனின் உம்மா ஆயிஷா உம்மா வெற்றிலைத் தட்டோடு சரிந்துவிட்டார். எனக்கு முகம் கறுத்துப்போனது. கலியாணத்துக்குச் சோபா செட்டே போடுவோம் என்று வாய்விட்டேன். அவர்கள் கேட்டதாக உனக்கு எழுதினேன். என் பெருமைக்கு நீ வெயிலில் நிற்கிறாய். வாப்பாவை மன்னித்துக்கொள்.

நேற்று பஸ் ஏறி அட்டாளைச்சேனைக்குப் போய் ஆயிஷா உம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். “ஆரு கேட்ட சோபா? நாங்க கேக்கல்லையே! கலியாண வாசல்ல மாப்பிள்ளைட காலுக்குத் தண்ணி ஊத்துறதுக்கு பொண்ணுட கூடப்பொறந்த மச்சான் வேணும், சோபாவா வந்து ஊத்தப் போகுது?” என்றார். நீ வரும் நாளுக்குத்தான் நாள் குறிப்போம் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஆகவே கையெழுத்து வைக்காதே. வீட்டை நதீராவுக்குச் சீதனமாக எழுதியாயிற்று, நானும் உம்மாவும் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டுக்கு மாறுவோம், வாங்கும் எங்களோடு வரும். உம்மா தினமும் அதைத் துடைக்கிறாள். அடுத்த வீட்டார் அதில் இருக்கப் போனால், அது புள்ளைட இடம் என்று எழுப்பிவிடுகிறாள்.

அல்லாஹ் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக. தொழுகையை விடாதே, வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள். வாங்கின் கட்டைக் காலுக்கு நான் இன்னும் சிரட்டை வைக்கவில்லை. அதை நீ வந்து வை.

உன் வாப்பா
பக்கீர் முகைதீன்