நூதனசாலையில் இருக்கும் கால்

சேசு மரி சூசை துணை

பல்லேகல,
1934 செப்டம்பர் 9

கடல் தாண்டி ஈப்போவில் இருக்கும் அருமை மகன் மனுவேலுக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் தயவில் நானும் உன் தங்கை பெற்றீசியாவும் எழுந்து நடமாடுகிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். நீ அனுப்பிய படம் கிடைத்தது. கோட்டுப் போட்டுத் துரை மாதிரி நிற்கிறாய், கன்னம்தான் ஒட்டிப்போயிருக்கிறது. ரெயில்வேக் கந்தோரில் சோற்றைக் கண்ணில் காட்டுவதில்லையா? இங்கே மழை அடியோடு பொய்த்துவிட்டது. கொக்கோ மரங்கள் இலையைக் கொட்டிக்கொண்டு நிற்கின்றன, தோட்டத்தில் பாதி நாள்தான் வேலை. மகாவலி வற்றிப் பாறைக்குப் பாறை குட்டையாய்த் தேங்கிப் பச்சை பிடித்துக் கிடக்கிறது, கொசுத் தொல்லை சொல்லி முடியாது, கீழ் லயத்தில் காய்ச்சல் தொடங்கிவிட்டது. நேற்றும் ஒரு பிள்ளையைப் புதைத்தார்கள்.

பெற்றீசியா சனிக்கிழமைகளில் பளீல் மாஸ்டரின் நூதனசாலைக்குப் போய்வருகிறாள் என்று முன்பே எழுதியிருந்தேன். மாஸ்டர் பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்ந்த பிறகு ஆற்றோரத்துப் பழைய கொக்கோ ஸ்டோரைச் சுத்தம் செய்து, பஞ்சு அடைத்த நீர்நாய், போத்தலில் பாம்பு, ஆமை ஓடு, ராசா காலத்துக் கத்தி என்று கண்டதையெல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிறார். இவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம், தமிழ்ச் சீட்டெல்லாம் இவளைக் கொண்டே எழுதுவிக்கிறார். போன சனிக்கிழமை வந்தவள், மணல் அள்ளுகிறவர்கள் தோணித்துறைக்குக் கீழே இருக்கிற குட்டையில் மனித எலும்பு கண்டெடுத்துக் கொடுத்தார்கள், தலை இல்லை, இடுப்பும் ஒரு காலும்தான், நான்தான் சீட்டு எழுதினேன் என்று பெருமையாகச் சொன்னாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். பூர்வ காலத்து மனிதனின் கால், முன்னெலும்பு முறிந்து கோணலாகக் கூடியது என்று எழுதினாளாம். முறத்தில் இருந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அவளுக்கு என்ன தெரியும், உன் அப்பாவைக் கொண்டுபோன அந்த வெள்ளத்தின்போது அவள் கைப்பிள்ளை.

மகனே, உன் அப்பாவின் கால் உனக்கு நினைவிருக்கும். தெல்தோட்டையில் மரம் சாய்ந்து முறிந்து, சிங்கள வைத்தியர் வெதமாத்தயா மூங்கில் பத்தை வைத்துக் கட்டியும் வளைந்தே கூடிய கால். அதோடுதான் இங்கே வந்து, தபால் பையைத் தூக்கிக்கொண்டு நாள் தவறாமல் தோணியேறிக் கண்டிக்குப் போய்வந்தார். தோணி கவிழ்ந்த அன்று பை மூங்கில் புதரில் மாட்டிக்கொண்டது, கடிதங்களை வெயிலில் காயவைத்து உரியவர்களுக்குக் கொடுத்தார்கள். அவரை மட்டும் ஆறு திருப்பித் தரவில்லை. ஆத்துமாக்கள் திருநாளன்று ஊரெல்லாம் கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுதிரி கொளுத்தும்போது, இடமில்லாத ஆத்துமாக்களுக்கு என்று விட்டிருக்கிற பெரிய சிலுவையடியில்தான் நான் இத்தனை வருஷமாகக் கொளுத்துகிறேன். காற்றில் உடனே அணைந்துவிடும். அங்கே நிற்க எனக்கு வெட்கமாகவும் இருக்கும், ஆத்திரமாகவும் இருக்கும்.

போய்ப் பார்த்தேன். நீர்நாய்க்குப் பக்கத்தில், சிவப்புத் துணி விரித்து வைத்திருக்கிறார். பார்த்ததும் கண்ணாடியின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். மாஸ்டர் நல்ல மனிதர், கதிரை போட்டுத் தண்ணீர் கொடுத்தார். உன் அப்பாவின் முறிந்த காலைப் பற்றிச் சொன்னதும், எந்தக் காலு தங்கச்சி என்று கேட்டார். இடது என்றேன். இதுவும் இடதுதான், ஆனா கால் ஒடஞ்ச மனுசர் இந்த ஆத்தோரத்துல எத்தன பேர் இருந்திருப்பாங்க, ஒரு வாய் சொல்ல நம்பி எடுத்துக் குடுத்தா நாளைக்கு வேற யாரும் வந்து கேப்பாங்க, மகனுக்கு எழுதிக் கேளுங்க, அவரும் இடதுன்னா நானே தூக்கிட்டு வந்து தாறேன் என்றார். சுவாமியாரும் அதையேதான் சொல்கிறார். யாரென்று தெரியாத எலும்பை மந்திரித்த மண்ணில் வைக்கமாட்டாராம், உன் கடிதத்தைக் காட்டினால் கல்லறைக்கு இடம் தருவாராம். பெற்றீசியா அந்தச் சீட்டைக் கிழிக்கப் போனாள், மாஸ்டர் அதைக் கேட்டு வாங்கித் தனியே எடுத்து வைத்துவிட்டார். அன்று முதல் பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை.

மாஸ்டரிடம் இடது என்று பட்டென்று சொல்லிவிட்டேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. உன் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து காலை மடியில் தூக்கி வைத்து எண்ணெய் தடவுவேன். எனக்கு இடக்கைப் பக்கம் இருந்தது என்றுதான் நினைவு. அப்படியானால் அது அவருக்கு வலது அல்லவா? பெற்றீசியாவை எதிரே உட்காரவைத்து அவள் காலைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு தரம் இப்படித் தோன்றுகிறது, ஒரு தரம் அப்படித் தோன்றுகிறது. ஒன்றாய்ப் படுத்து எழுந்தவளுக்குப் புருஷன் கால் தெரியவில்லை, என்ன பெண்சாதியோ நான். நீ அவர் பின்னாலேயே தோணித்துறை வரைக்கும் நடந்தவன். அவரைப் போலவே காலை இழுத்து இழுத்து நடந்து காட்டுவாய், நான் அகப்பைக்காம்பால் அடிப்பேன், அவர் சிரிப்பார். இப்போது எழுந்து அதேபோல நடந்து பார் ராசா. எந்தக் காலை இழுக்கிறாய் என்று உன் உடம்புக்குத் தெரியும்.

இடது என்றால் அன்றைக்கே எழுதித் தபாலில் போடு, நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் வந்து சேரவேண்டும். வலது என்றால் பொய் எழுதாதே, அந்தப் பாவம் உனக்கு வேண்டாம். உண்மையையும் எழுதாதே. காய்ச்சல் கண்டால் கொயினா வாங்கிக் குடி, இரவில் செபமாலையை விடாதே, மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாளாக. உன் அப்பா பை சுமந்த காலத்தில் ஒரு காகிதம்கூட வழியில் தவறியதில்லை. உன்னிடமிருந்து வராவிட்டால், கடலில் எங்கேயோ தவறிவிட்டது என்று எண்ணிக்கொண்டு, வழக்கம்போல பெரிய சிலுவைக்குப் போய்க்கொள்வேன்.

என்றும் உன்னை ஆசீர்வதிக்கும் அம்மா,
நல்லம்மா யாகப்பர்