இருபத்தேழு கைநாட்டு

1937 ஆகஸ்டு 2, திங்கள்

விடியப்புறமே மழை. கூரை ஒழுகியதால் இரண்டாம் வகுப்பு முழுவதும் மூன்றாம் வகுப்போடு நெருக்கியடித்து உட்கார்ந்தது. வரவு 24.

இயற்கைப் பாடம். "மான் எங்கே வசிக்கும்?" என்று கேட்டேன். "புஸ்தகத்துல" என்றாள் இராஜம்மா. பால்மரம் வெட்டும் வீரம்மாவின் மகள், கெட்டிக்காரி. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பேந்துதான் யோசித்தேன். அவள் சொன்னதில் என்ன பிழை? நான் காட்டியது புத்தகத்தைத்தானே.

மத்தியானம் தோட்டத்துத் தொரை கூப்பிட்டனுப்பினார். 25ஆம் தேதி இன்ஸ்பெக்டர் வருகிறார். அன்றைக்கு இருபது பிள்ளைகளாவது பெஞ்சில் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் மூடப்படும், கொட்டகையில் ரப்பர் ஷீட் அடுக்குவார்கள். அடுத்த தமிழ்ப் பள்ளிக்கூடம் ஏழு கட்டை, அதாவது ஏழு மைல் தூரத்தில். ஆறு வயதுப் பிள்ளை ஏழு கட்டை நடக்குமா? நடக்காது. புல் பிடுங்கத்தான் போகும்.

ஆகஸ்டு 4, புதன்

ஒரு யோசனை வந்துவிட்டது! கோலாலம்பூருக்கு வடக்கே மிருகங்களுக்கென்றே ஒதுக்கிய காப்புக்காடு ஒன்று உண்டு. அங்கே யாரும் எதையும் சுடக் கூடாது. பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் மானை மானாகவே காட்டினால் என்ன? அந்த ஆசையில் ஒரு பிள்ளையும் பள்ளிக்கு மட்டம் போடாது. இன்ஸ்பெக்டரிடம் காட்டவும் ஏதாவது இருக்கும்.

தொரை சம்மதித்தார். 21ஆம் தேதி சனிக்கிழமை லோரி தருகிறாராம். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு வீட்டிலும் சம்மதம் எழுதி வாங்க வேண்டும்.

ஆகஸ்டு 6, வெள்ளி

இருபத்தேழு பிள்ளைகளிடமும் அறிவித்தல் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றும் என் கையாலே எழுதியது:

"ஆகஸ்டு 21ஆம் தேதி என் பிள்ளையைக் காட்டுக்கு அழைத்துச் செல்லச் சம்மதிக்கிறேன். பெற்றோர் கைநாட்டு."

வீட்டில் உரக்க வாசித்துக் காட்டச் சொன்னேன். அவர்கள் படித்த படிப்பை அப்பா அம்மாவும் கேட்கட்டும்.

ஆகஸ்டு 9, திங்கள்

வரவு 9. காய்ச்சல் ஏதும் பரவுகிறதா?

ஆகஸ்டு 10, செவ்வாய்

வரவு 6. ஒரு கைநாட்டுக்கூட வரவில்லை.

பொறுக்க முடியாமல் வேலை விடும் நேரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் ஒரு தாய் பிள்ளையைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நான் என்ன, பிள்ளை பிடிக்கிறவனா? கங்காணி தம்புசாமி மட்டும் நின்று பேசினார்.

"வாத்தியாரய்யா, காயிதத்துல பெருவெரல வச்சா என்ன ஆவும்னு இந்த ஜனங்களுக்குத் தெரியாதா? விடுங்க."

என்ன ஆகும்? பிள்ளைகள் மான் பார்க்கும்! அதைத்தானே எழுதினேன். எனக்கு விசர் பிடிக்கும் போல கிடக்கு.

ஆகஸ்டு 11, புதன்

புலிக்குத்தான் பயப்படுகிறார்கள் என்று முடிவு செய்தேன். பயத்தைப் போக்க இரண்டாவது அறிவித்தல், விளக்கமாக:

"பயப்பட வேண்டாம். காட்டில் பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை எளிது. சாப்பாடு கொடுக்கப்படும். போக லோரி வரும்."

வேலை என்றால் படம் வரைவது, இலை பொறுக்குவது. அதையெல்லாம் எழுத இடமில்லை.

ஆகஸ்டு 12, வியாழன்

வரவு 2. இரண்டும் கங்காணி வீட்டுப் பேரப்பிள்ளைகள்.

ஆகஸ்டு 15, ஞாயிறு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அக்கா வீடு. அத்தான் தியாகராசா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நான் அப்பவே சொன்னனான் தம்பி. தோட்டத்துச் சனத்துக்கு என்னத்துக்குப் படிப்பு? ரெயில்வேயில ஒரு இடம் காலியாக் கிடக்கு, வாறீரா?" என்றார். அந்தப் பிள்ளைகளுக்கு மூளை இல்லையென்று இவருக்கு யார் சொன்னது? கோபமாக ஏதோ சொல்லிவிட்டேன். அக்கா அழுதாள்.

கிள்ளானுக்குத் திரும்பும் ரெயிலில் அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டே வந்தேன். வெட்கக்கேடு.

ஆகஸ்டு 16, திங்கள்

வரவு 2. இன்னும் ஒன்பது நாள்.

என்ன கோதாரி வேலை செய்து வைத்தேன்! நான் வரும்போது இருபத்துநாலு பிள்ளைகள் தவறாமல் வந்துகொண்டிருந்த பள்ளிக்கூடம். நானே என் வாயால் ஊதி அணைச்சுப்போட்டன். எதைச் செய்தேன் என்பதாவது தெரிய வேண்டாமா? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே. வெறும் பெஞ்சுகளைப் பார்த்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க ஏலுமா? சொல்லிக்கொடுத்தேன். அந்த இரண்டு பிள்ளைகளும் என்னைப் பார்த்துப் பயந்துபோயின.

ஆகஸ்டு 17, செவ்வாய்

தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில் வீரம்மாவை மறித்துக் கேட்டேன், கெஞ்சித்தான் கேட்டேன். அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"எங்க வாயில காடுன்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியுமா வாத்தியாரய்யா? காடு வெட்டுற வேல. எம்புருசன் கன்னையா அங்கதான் போனாரு. பெருவெரல வச்சுட்டுப் போனாரு. மரம் சாஞ்சு அங்கயே போயிட்டாரு."

வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ரெண்டாவது காயிதத்த எம்மகதான் வாசிச்சா. லயமே கேட்டுச்சு. வேல எளிது, சாப்பாடு உண்டு, வண்டி வரும். ஊருல எங்கள கப்பல்ல ஏத்தி உட்டவனும் இதே மூணு வார்த்தையத்தான் சொன்னான். இப்ப புள்ளைங்களுக்கும் ஆரம்பிச்சுட்டாங்கன்னு நெனச்சோம்."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: மான், படம், இன்ஸ்பெக்டர், மூடப் போகும் பள்ளிக்கூடம். கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி. திரும்பக் கொண்டாந்து உடுவீங்கன்னு நீங்க எழுதிக் குடுங்க."

"இப்பவே கையெழுத்து வைச்சுத் தாறன்" என்றேன்.

"கையெழுத்து வேணாம். கையெழுத்துப் போட்டவுங்க ஒருத்தரும் எங்ககிட்ட வந்து பதில் சொன்னதில்ல. நாங்க வச்ச மாதிரி வைங்க."

ஆகஸ்டு 18, புதன்

பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் அதே இடத்தில், மாலை ஐந்து மணிக்கு நின்றேன். வீரம்மா எல்லாரையும் கூட்டி வைத்திருந்தாள். ஒரு காகிதம் போதும் என்று நினைத்துப் போயிருந்தேன். "ஆளுக்கு ஒண்ணு" என்றார்கள். அவர்கள் எதிரிலேயே எழுதினேன், ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் போட்டு:

"இராஜம்மாளை 21ஆம் தேதி பொழுது சாயுமுன் தாயிடம் கொண்டுவந்து சேர்ப்பேன்."

பிறகு மைக்கட்டையில் பெருவிரலை அழுத்தி வைத்தேன். இருபத்தேழு தரம். சீனியர் கேம்பிரிட்ஜ் படித்த விரல். முதல் ஐந்தாறுக்குக் காது சிவந்தது, சும்மா சொல்லக் கூடாது, அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரேகை விழுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மடித்தார்கள். இந்தச் சனம் பெருவிரல் வைத்தபோது எதிரில் இருந்தவன் இப்படி ஒரு கடதாசி இவர்களுக்குக் கொடுத்தானா?

ஆகஸ்டு 19, வியாழன்

வரவு 17. மை போகவில்லை.

ஆகஸ்டு 22, ஞாயிறு

நேற்று போனோம். இருபத்தாறு பேர், ஒன்றுக்குக் காய்ச்சல்.

காப்புக்காட்டு வாசலில் பலகை. மலாய்க்காரக் காவலர் அதைக் கையால் தட்டி, இங்கே சுடக் கூடாது, கண்ணி வைக்கக் கூடாது என்றார். நான் தமிழில் சொன்னேன். இராஜம்மா பலகையின் பின்பக்கம்வரை சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல யாரு கைநாட்டு வச்சிருக்கா?" என்று கேட்டாள்.

மானின் குளம்படி கண்டோம், மானைக் காணவில்லை. தலைக்கு மேலே இருவாட்சிப் பறவை ஒன்று இறக்கையால் காற்றை அறைந்துகொண்டு போனபோது இருபத்தாறு வாயும் திறந்தது. என்னுடையதையும் சேர்த்து இருபத்தேழு.

திரும்பும்போது தோட்டத்து மண் சாலையில் லோரி அச்சுவரை புதைந்தது. ஐந்து மணி தாண்டிவிட்டது, இன்னும் இரண்டு கட்டை. பொழுது சாயுமுன் என்று இருபத்தேழு காகிதத்தில் எழுதியிருக்கிறேனே. இறங்கி ஓடச் சொன்னேன். சாலையில் நான் ஓட, பிள்ளைகள் ரப்பர் மர நிரைக்குள் திரும்பின. "இந்தப் பக்கம் வாங்க, இது கிட்ட!" குறுக்கு வழியெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நான்தான் சப்பாத்தோடு வழுக்கி இரண்டு தரம் விழுந்தேன்.

களத்துக்கு வந்தபோது மர உச்சியில் இன்னும் வெயில் இருந்தது. தாய்மார் எல்லாரும் நின்றார்கள், கையில் காகிதம். மூச்சு வாங்க வாங்க நான் பேர் கூப்பிட்டேன், ஒவ்வொரு பிள்ளையாகப் போனது. இராஜம்மா போனதும் வீரம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள், "பாவாடையெல்லாம் சேறு!" என்று. பிறகு அங்கேயே குந்தி அழுதாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன், என்னாலும் ஏலாமல் போயிற்று.

ஆகஸ்டு 25, புதன்

இன்ஸ்பெக்டர் வந்தார். வரவு 26. "மான் எங்கே வசிக்கும்?" என்று அவரும் கேட்டார்! "நாங்க போனப்ப வெளிய போயிருந்துச்சு" என்றாள் இராஜம்மா. மனிதர் சிரித்தார். என் பெருவிரலைப் பார்த்து மை ஏன் என்றார். பேனா ஒழுகிவிட்டது என்று பொய் சொன்னேன். பள்ளிக்கூடம் இருக்கும்.

ஆகஸ்டு 30, திங்கள்

இராஜம்மா புத்தகத்துக்குள் இருந்து என் காகிதத்தை எடுத்து நீட்டினாள். நாலாக மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு அம்மா வாசிக்கச் சொல்லிச்சு. 'கொண்டுவந்து' வரைக்கும் வாசிச்சுட்டேன். அதுக்கப்புறம் எழுத்து மேலயே ஒங்க பெருவெரலுதான் இருக்கு."

என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே, ரேகையை மட்டும் நம்பி வீரம்மா மகளை அனுப்பியிருக்கிறாள்.

"சேர்ப்பேன்" என்றேன். அவள் தன் சிலேட்டுப் பலகையில் எழுதினாள். 'ர்' விட்டுப்போயிற்று, திருத்திக் கொடுத்தேன். அம்மாவிடம் காட்ட வேண்டுமென்று பலகையை அழிக்காமல் கொண்டுபோனாள்.

வரவு 27.